ஆறு ஸ்டிக்கர்

“எக்ஸ்ட்ரா ஸ்டிக்கர் ஆறும் காலியா?” என்று புருவத்தைத் தூக்கினாள் நர்ஸ்.

“வேர்வை, சிஸ்டர். நெஞ்சுல ஒட்டவே மாட்டேங்குது” என்றார் நாடி. இருபத்து நாலு மணி நேரத் துடிப்பையும் பதிவு செய்திருந்த அந்தச் சின்ன மெஷினை, ஒயர்களைச் சுருட்டி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் வைத்தார்.

நாடி என்பது துறைமுகத்தில் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். லிஃப்ட்டில் ஏறி, ஐம்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஆபரேட்டர் அவர். வலது கை லீவரில் இல்லாத நேரமெல்லாம் இடது மணிக்கட்டில்தான் இருக்கும்.

நாலு மாதம் முன்பு, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது தொம்மென்று விழுந்தது. அன்று பிடித்தது சனி. காபியை விட்டார், இடப்பக்கம் படுப்பதை விட்டார், மாடிப்படி ஏறி இறங்குவதை விட்டார். இன்டர்நெட்டில் தேடுவதை மட்டும் விடவில்லை. தனக்கு இதுவரை வராதது பிரசவ வலி ஒன்றுதான் என்று அவரே ஒத்துக்கொள்வார்.

“அடுப்புல வெச்ச பாலா அது? பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருக்கீங்க!” என்பாள் மனைவி. அவரும் சிரிப்பார். சிரித்ததில் துடிப்பு எத்தனை ஏறியது என்றும் பார்த்துக்கொள்வார்.

வருடாந்திரப் பரிசோதனையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கம்பெனி டாக்டரிடம் இதைச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மெஷின் மாட்டிப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதி வந்தால்தான் இனிமேல் கிரேன். இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் பிரிக்க வேண்டியதுதான். பத்தொன்பது வருடம் உட்கார்ந்த கூண்டை விட்டு இறங்குவதை நினைத்தாலே நாடிக்குத் துடிப்பு நூற்று இருபதைத் தொட்டது. இந்த லட்சணத்தில் மெஷின் என்ன எழுதும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ரிப்போர்ட் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பைக்கில் கூட்டி வந்த மச்சினன் பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி, முப்பது வயது. தினமும் சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறவன், ஜுரம் என்றால் என்ன என்று கேட்கிற ஆள்.

“நேத்து ரெண்டாவது கேம்ல கண்ணு லேசா இருட்டிடுச்சு மாமா. எனக்கும் வயசாவுது போல” என்று சிரித்தான்.

“ம்” என்றார் நாடி. மணிக்கட்டைப் பிடித்து நாற்பத்து மூன்று வரை எண்ணியிருந்தார். குறுக்கே பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“சரி, நான் கீழ பைக்குக்கிட்ட நிக்கிறேன். கவலைய விடுங்க மாமா, ரிப்போர்ட் தங்கமா வரும்” என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

இரண்டாவது மாடி அறையில் டாக்டர் நீளமான காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க.”

“உக்காந்துதான் இருக்கேன் டாக்டர்.”

“நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க? மெஷினோட குடுத்த நோட்டுல டி.வி. பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே?”

நாடி நாற்காலி நுனிக்கு வந்தார்.

“பதினாலு செகண்ட், இதயம் தறிகெட்டு ஓடியிருக்கு. பயத்துல வர்ற படபடப்பு இல்ல இது. இன்னும் கொஞ்சம் நீடிச்சிருந்தா ஆள் அங்கேயே விழுந்திருக்கணும். வைத்தியம் இருக்கு, ஆனா இப்பவே அட்மிட் ஆகணும். ஒரு அடிகூட வேகமா நடக்கக் கூடாது.”

நாலு மாதமாக இந்தப் பேச்சைத்தான் நாடி கற்பனையில் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் எந்தப் பக்கம் மயங்கி விழுவது என்பது வரைக்கும் ஒத்திகை பார்த்திருந்தார். விழவில்லை. கை மணிக்கட்டுக்குக்கூடப் போகவில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே மச்சினன் நெரிசலில் சிக்கிய பைக்கை, இரண்டு கையாலும் பின்பக்கம் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தான். வேலை போகும், மானமும் போகும் என்று தெரிந்தது. போனால் போகட்டும் என்று எழுந்தார்.

“வீல்சேர் சொல்லியிருக்கேன், இருங்க. கூட யாராவது வந்திருக்காங்களா?”

நாடி இருக்கவில்லை. லிஃப்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாலு மாதமாகக் கால் வைக்காத மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

“ஐயோ, ஓடாதீங்க! உங்க இதயம் தாங்காது!” என்று மேலிருந்து டாக்டர் அலறினார்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது டாக்டர்! அந்த மெஷினைப் போட்டிருந்தது என் மச்சினன்!”