ஒரு படி மேலே

மானிப்பாய் வீட்டிலிருந்து படை அலுவலகத்துக்குப் போனில் கதைத்துக்கொண்டிருந்த நிருஷனின் குரல் உயர்ந்தது.

"சேர், அவர் கோப்ரல் இல்லை, சார்ஜன்ட். கண்ணிவெடியிலை கால் போய் மருத்துவ ஓய்வு பெற்றவர். ஓய்வுக் கடிதத்திலை பதவியைக் குறைச்சு எழுதலாமோ?"

"நீரும் கோப்ரல்தானே? அவர் உமக்குச் சமனா இருந்தால் என்ன?"

"அதிலைதான் சேர் எல்லாம் இருக்கு."

"சரி, திருத்திவிடுறன்."

நிருஷன் சிரித்தபடி போனை வைத்தான். குசினியிலிருந்து கோபிகா விளக்குமாறோடு ஓடி வந்தாள்.

"உங்கடை சார்ஜன்ட் பொரிச்ச மீனைத் திண்டிட்டார்!"

நிருஷன் குறுக்கே நின்றான்.

"கை வையாதையும்! வளர்க்கிறவன் கோவத்திலை அடிச்சிடக் கூடாதெண்டுதான் படையிலை அவையை எப்பவும் ஒரு படி மேலை வைக்கிறது. மேலதிகாரியை அடிச்சால் குற்றம்!"

"என்ரை குசினிக்கும் அவர் மேலதிகாரியோ?"

நிருஷனின் முதுகுக்குப் பின்னால், மூன்று காலில் நின்றபடி, சார்ஜன்ட் வாலை ஆட்டினார்.