விலாசம் சொன்னது யார்?

"மாப்ளே, கடைக்கு வர்றவங்க நம்மகிட்ட விட்டுட்டுப் போறது இருக்கே, அது..." என்று பெரிய மாமா ஒரு பேச்சை எடுப்பார். அது என்ன, அதை என்ன செய்யச் சொன்னார் என்பது கடைக்காரருக்கு ஞாபகமில்லை. மாமா பேச்சை எப்போதும் பாதிக் காதில்தான் வாங்கியிருப்பார்.

மூக்குக்கண்ணாடிக் கடை. ஃபிரான்சைஸ். பெயர்ப்பலகை பெரிய கம்பெனியுடையது, தலைவலி இவருடையது.

அன்று காலை கம்பெனி வக்கீல் போனில் வந்தார். கையில் வேலையாக இருந்ததால் கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்ககிட்ட கண்ணாடி வாங்கின ஒரு அம்மா ஆஸ்பத்திரியில கிடக்காங்க சார். புருஷன் அடி தாங்காம, பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஓடி வந்து ஒளிஞ்சிருந்தவங்க. புது விலாசத்தை யார்கிட்டயும் சொல்லலையாம். கண்ணாடியை வீட்டுக்கு அனுப்பறதுக்காக உங்க கடையில மட்டும்தான் கொடுத்தாங்களாம். அந்த ஆள் நேரா கதவுக்கே வந்து நின்னுட்டான்."

கடைக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "எங்க கடையிலேர்ந்தா?"

"பதினாலாம் தேதி மதியம் ஒண்ணு இருபதுக்கு அவங்க விலாசத்தைக் கம்ப்யூட்டர்ல யாரோ திறந்து பார்த்திருக்காங்க. கவுண்டர் பாஸ்வேர்டு. இதைச் சட்டம் சும்மா விடாது சார். வெளிய சொன்னது ஊழியர்னா ஆளை நீக்கிட்டு அவங்க மேல வழக்கு. நீங்கன்னா ஒப்பந்தம் ரத்து, கடையே கிடையாது. யாருன்னு இன்னிக்குள்ள சொல்லுங்க."

கவுண்டரில் இருப்பது ஒரே ஒருத்தி. ஒன்பது வருஷமாக இருக்கிறாள். வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசாவிட்டால் சோறு இறங்காது. "இந்த ஃபிரேம்ல ஜட்ஜ் மாதிரி இருக்கீங்க" என்று கழுதைக்கும் கண்ணாடி விற்றுவிடுவாள்.

"யாரு பார்த்தது அந்த விலாசத்தை?"

அவள் துடைக்கிற துணியைக் கையில் முறுக்கினாள். "நான்தாண்ணே."

"அறிவிருக்கா உனக்கு? எவன் வந்து பல்லைக் காட்டினாலும் வாயில வர்றதைக் கொட்டிடறதா? ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கா. நீ கூட்டிட்டுப் போய் கதவைக் காட்டின மாதிரி ஆச்சே!"

"தப்புதாண்ணே."

"தப்பா? அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லு இதை!"

மேஜையில் ஓங்கி அடித்தார். பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மிஷின் நின்றது.

கம்பெனிக்குப் பதில் எழுத வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பதினாலாம் தேதி. அவள் பெயருக்கு நேரே, அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'பன்னிரண்டு மணிக்கு மேல் லீவு. பல் பிடுங்க.'

இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா... அன்னிக்கு மதியம் நீ கடையிலேயே இல்லையே?"

அவள் துணியால் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்ப யாரு?"

"விடுங்கண்ணே."

"சொல்லு!"

"நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். வாய் வீங்கி என்னால பேச முடியலை. நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க. 'பாவம், ஒருத்தர் வந்தார், ரொம்ப மரியாதையான மனுஷன். பொண்டாட்டி நம்ம கடையில வாங்கின பழைய கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாளாம், அது இல்லாம அவளுக்கு ஒண்ணும் தெரியாதாம். விலாசம் சொல்லி, வழியும் படம் போட்டுக் கொடுத்தேன்'னு."

கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார்.

படம் போட்டது ஞாபகம் வந்தது. பழைய பில்லின் பின்பக்கம். மருந்துக்கடை, அடுத்த திருப்பம், மூன்றாவது மாடி. வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. கம்பெனி அவருக்கென்று கொடுத்த பாஸ்வேர்டு முதல் மாதமே மறந்துவிட்டது. அவள் திறந்து வைத்துவிட்டுப் போவதில்தான் அவரும் எப்போதும் பார்ப்பார்.

"நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"வக்கீல் சொன்னது காதுல விழுந்துச்சே. நான் போனா ஒரு வேலை. நீங்க போனா அஞ்சு பேர் வீட்டுல அடுப்பு எரியாது. எனக்கென்ன, ஒத்தைக் கட்டை." சிரிக்கப் பார்த்தாள். "கோர்ட்டுலயாவது என்னைப் பேச விடுவாங்க."

கடைக்காரர் அழுதுவிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என் கூடப் பிறக்காத தங்கச்சி. உன்னை விட்டுக் கொடுத்துட்டு நான் மனுஷனா நடமாட முடியுமா?"

"அதை விடுங்கண்ணே. அந்தம்மாவைப் போய்ப் பார்க்கணும். அந்தப் பொண்ணு யார்கிட்ட இருக்கோ."

"போவோம். நீ முதல்ல சாப்பிட்டு வா."

அவள் டிபன் பாக்ஸோடு பின்னறைக்குப் போனாள்.

கம்ப்யூட்டரில் கம்பெனி அனுப்பிய படிவம் வந்திருந்தது. விலாசத்தைச் சொன்னவர் யார் என்று கேட்டு, கீழே இரண்டு கட்டங்கள்: உரிமையாளர், ஊழியர்.

பின்னறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "அண்ணே, நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்."

"இதோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு, 'ஊழியர்' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினார்.