ஆள் உயரத்துக்கு

"டொக்... டொக்..."

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் அந்தச் சத்தம் ஸ்டூடியோக்காரம்மாவின் காதை விட்டுப் போகவே இல்லை. இடுப்பில் இருக்கும் பெண் குழந்தையைச் சிரிக்க வைக்க அந்த இளம் தாய் செய்யும் வித்தை அது. மாதம் தவறாமல் வருவாள். பிரிண்ட் போடுவதெல்லாம் குழந்தை படம்தான்.

"ஒரு படத்துலயாவது நீயும் நில்லேன்டியம்மா!"

"நான் நின்னா யாருக்கா எடுக்கறது? இவ என் மூஞ்சியைப் பாத்தாத்தான் சிரிப்பா."

"அப்ப வெயில் உன் முதுகுல விழற மாதிரி நின்னு எடு. முகம் தெளிவா வரும்."

அப்படியே எடுத்தாள். பிறகு வந்த ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

வருஷம் திரும்பவில்லை, அதே கவுன்டரில் வேறொருத்தி வந்து நின்றாள். இரண்டாந்தாரம். பக்கத்தில் அதே குழந்தை. பையில் அதே படங்கள்.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

புல்தரை, மாடிப்படி, வாசல். எல்லாவற்றிலும் குழந்தை சிரிக்கிறாள். எல்லாவற்றிலும் தரையில் ஒரு பெண்ணின் நிழல், இரண்டு முழங்கைகளையும் தூக்கியபடி, குழந்தையின் காலைத் தொடப் போவதுபோல் நீண்டு கிடந்தது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தவளுக்கே அது இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

"இந்த நிழலோட பேசறா. தூங்கப் போறப்போ, 'நீ சாப்பிட்டியா'ன்னு அதைக் கேக்கறா. பதில் வந்த மாதிரி தலையை ஆட்டறா. எனக்கு உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுது."

கவுன்டர் மேல் ஏறி உட்கார்ந்திருந்த குழந்தை நிழலின் மேல் விரலை வைத்தாள்.

"டொக்" என்றாள் அதைப் பார்த்து.

ஸ்டூடியோக்காரம்மாவின் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்து இறங்கியது.

"அதான், இந்த நிழலை..."

"புரியுது, புரியுது." பயம் போய்க் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "அழிக்கணும், அதானே? செத்தவ நிழல்கூட உனக்கு இடைஞ்சலா இருக்கு! வேற கடை பாரும்மா. இந்தப் பாவத்துக்கு நான் ஆள் இல்லை."

வந்தவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து வைத்தாள்.

"இது அவங்க கல்யாணப் படம். 'அம்மாடா'ன்னு காட்டினா, 'யாரோ ஆன்ட்டி'ங்கறா. பூவும் நகையும் மேக்கப்புமா இருக்கிற முகம் இவளுக்கு அடையாளம் தெரியலை. நிழலைத்தான் அம்மாங்கறா."

"அதுக்கு?"

"அதைத் தனியா எடுத்துப் பெருசா போட்டுக் குடுங்க. ஆள் உயரத்துக்கு. இவ கட்டில் பக்கத்துச் சுவத்துல மாட்டணும்." குரல் தாழ்ந்தது. "அவங்க என்ன உயரம் இருப்பாங்க அக்கா? இவரைக் கேட்டா அழுதுடறார்."

ஸ்டூடியோக்காரம்மா எழுந்து வந்து, தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். சித்தியை இன்றுவரை சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிக் கூப்பிடச் சொல்லி வளர்த்தது சித்திதான்.