மூன்று மணி நேர டெஸ்ட்

"மூணாவது தடவை! இது கம்ப்யூட்டராக்கா, இல்ல காய்ச்சக்காரப் புள்ளையா? வாரா வாரம் தூக்கிட்டு வர்றீங்க!"

போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சின்ராசுவுக்குக் கைராசி உண்டு. வாய்தான் கொஞ்சம் மோசம்.

எதிரே அமுதவள்ளி, சாக்கில் சுற்றிய சிபியு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. இதற்காக லீவு போட்டு, ஜீப்பில் வளைவுக்கு வளைவு பெட்டி இடிபடாமல் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறாள். பக்கத்தில் மகள் ரேணுகா. அந்தக் கம்ப்யூட்டரில் இன்ஜினியர்களுக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுப்பவள்.

"நேத்து சாயங்காலத்துலருந்து நீலத் திரை வந்து வந்து நின்னு போகுது தம்பி. புள்ள சோலி கெடுது. வெரசாப் பாத்துக் குடுப்பா."

சின்ராசு வயர்களை மாட்டிப் பெட்டியை ஓடவிட்டான்.

முதல் தடவை வந்தபோது, மலை ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்து மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினான். கேட்கவில்லை. அப்புறம்தான் செட்டிங்கைப் பார்த்தான். மெமரியின் வேகத்தை யாரோ அதன் சக்திக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். கேம் பைத்தியங்கள் செய்கிற வேலை அது. இறக்கி வைத்து, மூன்று மணி நேரம் மெமரி டெஸ்ட் ஓட்டிப் பார்த்து அனுப்பினான். அடுத்த வாரமும் அதே பெட்டி, அதே வேகம், அதே டெஸ்ட்.

இன்றைக்கும் திறந்து பார்த்தான். 2666 இருக்க வேண்டிய இடத்தில் 3400.

சின்ராசுவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏத்தா ரேணுகா, கேம் ஆடுறியா?"

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்புள்ள அப்படியாப்பட்ட புள்ள இல்ல தம்பி."

"உங்களுக்கு என்னக்கா தெரியும்? தானா ஏறுமா வேகம்? நீங்க லீவப் போட்டுட்டு, காலை நொண்டிக்கிட்டு சுமந்துட்டு வர்றீங்க. பெத்தவ கஷ்டம் கொஞ்சமாச்சும் தெரியுதா இவளுக்கு?"

"கால்ல அட்டை கடிச்சது, அது கெடக்கு. நீ பெட்டியப் பாருப்பா."

"பாத்தாச்சு. வேகத்த எறக்கிட்டேன். எடுத்துட்டுக் கெளம்புங்க."

"அண்ணே, மெமரி டெஸ்ட்ட முழுசா ஓட்டிருங்கண்ணே!" ரேணுகா அவசரமாகச் சொன்னாள்.

"எதுக்கு? நோவு என்னன்னுதான் தெரிஞ்சுபோச்சே! இனிமே அந்த செட்டிங்குக்குப் பாஸ்வேர்டு போட்டுர்றேன். என்னைத் தவிர ஒருத்தரும் தொட முடியாது."

ரேணுகாவின் முகம் செத்துப்போனது.

"யம்மா, எதுத்த கடையில ஒரு டீ குடிச்சுட்டு வாயேன். தலை வலிக்குதுன்னியே."

அமுதவள்ளி நொண்டியபடியே வாசலைத் தாண்டினாள். அவள் ரோட்டைக் கடக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரேணுகா திரும்பினாள்.

"பாஸ்வேர்டு போட்டுறாதீங்கண்ணே. வேகத்த ஏத்துறது நான்தான்."

"அதான் தெரியுதே."

"கேமெல்லாம் இல்லண்ணே. எங்கம்மாவுக்குச் சுகரு. அட்டை கடிச்ச எடம் புண்ணாகி ஆறவே இல்ல. வாரா வாரம் வந்து கட்டு மாத்தணும், இல்லாட்டி விரல எடுக்குற மாதிரி ஆயிரும்னு டாக்டர் சொல்லிட்டாக. இது கேட்டாத்தான? முப்பது வருசமா அட்டை கடிக்குது, அதுக்குப் போயி ஆஸ்பத்திரியாங்குது. சுண்ணாம்பத் தடவிட்டு வேலைக்குப் போயிருது."

சின்ராசு கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"தனக்குன்னா அரை நாள் லீவு போடாதுண்ணே. என் கம்ப்யூட்டரு நின்னு போச்சுன்னா மறுநாளே ஜீப்புல ஏறி உக்காந்துரும். அதான் திங்கக்கிழமை சாயங்காலமானா நானே ஏத்திவிட்டுருவேன்."

"அதுக்கு மெமரிதான் கெடைச்சதா?"

"வேற எதையாச்சும் கெடுத்தா நீங்க பத்து நிமிசத்துல சரி பண்ணி, அடுத்த ஜீப்புக்கே ஏத்திவிட்டுருவீங்க. மெமரின்னாத்தான் டெஸ்ட்டு மூணு மணி நேரம் ஓடும். இங்க சும்மா உக்காந்துருக்கறதுக்கு அங்க வான்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கட்டு மாத்தி, ஊசி போட்டுக் கூட்டியாந்துருவேன். இப்பத்தாண்ணே புண்ணு கொஞ்சம் காயுது. இன்னும் அஞ்சு வாரம் வந்தாப் போதுமாம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெத்தவ கஷ்டம் தெரியுமா என்று இந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டோமே என்று சின்ராசுவுக்கு வெட்கமாக இருந்தது.

அமுதவள்ளி கையில் ஒரு டீ கிளாஸோடு வந்தாள்.

"உனக்குத்தான் தம்பி, குடி. எம்புள்ளையத் திட்டாதப்பா. அதான் சரியாயிருச்சுல்ல, கெளம்பட்டுமா? ரெண்டு மணிக்கு ஒரு ஜீப்பு இருக்கு."

சின்ராசு டீயை வாங்கி வைத்துவிட்டு மெமரி டெஸ்ட்டை ஓடவிட்டான். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு திரும்பினான்.

"எங்க சரியாச்சு? மூணு மணி நேரம் ஆகும், போயிட்டு வாங்க. அதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. இன்னும் அஞ்சு வாரத்துக்கு, செவ்வாக்கெழமையானா பெட்டி இங்க வந்துரணும். தூக்குறது உங்க மக தூக்கட்டும். ஆனா கூட நீங்க வரலைன்னா நான் பெட்டியத் தொடவே மாட்டேன். உங்க மக மேல எனக்குத் துளிகூட நம்பிக்கையில்லக்கா!"