அடுத்த ஷிஃப்டுக்கு

"இன்னாம்மா பானு, காலைலேர்ந்து கீபோர்டைப் போட்டு அந்த அடி அடிச்சிகினு கீறே? அது உனக்கு இன்னா துரோகம் பண்ச்சு?"

பக்கத்து நாற்காலியிலிருந்து நாகேந்திரன் கேட்டான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பார்சல் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவு அது. தெலுங்கில் வரும் புகார்களுக்கு அவன் பதில் எழுதுவான், தமிழுக்குப் பானுப்பிரியா.

"ஒன்றரைக்குள்ள முடிக்கணும்ணா. தொந்தரவு பண்ணாதீங்க."

"ஷிஃப்ட் முடியறது ரெண்டு மணிக்குத்தானே?"

அவள் இன்னும் வேகமாகத் தட்டினாள். முகம் மட்டும் சிவந்தது.

அவள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்கு மதியம் இரண்டரைக்கு வருகிறவன் பெனிட்டோ. சேக்காட்டுக்காரன் என்று தெரியும், முகம் தெரியாது. இரண்டு மணிக்கு அவளைக் கரையான்சாவடிக்கு ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன், அவன் வரும்வரை ஒரு நாளாவது நின்றதில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கணினியைத் திறந்தபோது, 'காலை ஷிஃப்டுக்கு' என்ற பெயரில் புதிதாக ஒரு கோப்பு இருந்தது. 'ஒரே மன்னிப்பை ஒரு நாளைக்கு அறுபது தடவை டைப் பண்றீங்க. இனிமே மன்1 என்று மட்டும் அடிங்க. பெனிட்டோ, மாலை ஷிஃப்ட்.'

அடித்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள், பார்சல் தாமதமானதற்கு வருந்தும் முழுப் பத்தியும் பிழையில்லாமல் திரையில் வந்து நின்றது.

அதன்பின் நாளுக்கொரு குறுக்குவழி. 'உடை1' என்று தட்டினால், உடைந்த பொருளுக்கான பதில். 'முக1' என்றால் கிளைகளின் முகவரி. ஒரு நாள் 'டீ1' என்று ஒன்று இருந்தது. இது என்ன புகாரோ என்று தட்டிப் பார்த்தாள்.

'ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. புகார் எங்கேயும் ஓடிடாது.'

அன்று அவள் டீயைச் சூடாகவே குடித்தாள், எதிரில் யாரோ உட்கார்ந்து பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு.

செல்பேசி எண்ணைக் கேட்க இருவருக்குமே கூச்சம். தன் பங்குக்கு அவள் வேறொன்று செய்தாள். முந்தைய நாள் வந்த புகார்கள் எல்லாம் காலையில் ஒரே பட்டியலாக இறங்கும். காலை ஷிஃப்டில் முடியாதவை மாலைக்குப் போகும். அவன் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் அவள் அவனுடைய பங்கையும் முடித்து வைத்தாள். அவன் வந்து உட்காரும்போது பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஒரு மாலையாவது அவன் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார வேண்டும். வாயால் சொல்ல வராததை அவள் அப்படித்தான் சொன்னாள்.

"நான்லாம் பத்து பதினஞ்சு மிச்சம் வெச்சிட்டுதான் எழுந்துப்பேன்" என்றான் நாகேந்திரன். "அடுத்த ஷிஃப்டுக்காரன் வந்து ஈ ஓட்டிகினு இருக்கணுமா?"

"ஓட்டட்டுமே. பாவம்."

"பாவமா? மூஞ்சியக்கூட பாத்தது இல்ல, அதுக்குள்ள பாவமாம்!"

"இன்னிக்குப் பாத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை கோப்பில் அவன் எழுதியிருந்தான்: 'வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கே வந்துடறேன். கேட்டுக்கு எதிர்ல டீக்கடை. நீலச் சட்டை.' அதைப் படித்ததிலிருந்து அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இத்தனை நாள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்து, காலையில் அவள் எடுத்து உடுத்திய மயில்கழுத்து நிறச் சுடிதார், இன்று வெள்ளிக்கிழமை என்பதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

"அடேங்கப்பா! அதான் காலைலேர்ந்து இந்த டிரெஸ்ஸா?" என்று சிரித்தான் நாகேந்திரன். "போ தாயி, போ. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

மணி ஒன்று இருபத்தைந்து. கடைசிப் புகாருக்கும் பதில் போயிற்று. பட்டியல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பானு, உள்ள வந்துட்டுப் போ" என்று கண்ணாடி அறையிலிருந்து மேற்பார்வையாளர் லோகநாயகி கூப்பிட்டாள்.

"மேடம், அரை மணி முன்னாடி கிளம்பணும். வேலை எல்லாம் முடிச்சிட்டேன். பர்மிஷன்..."

"தாராளமா போ. ஒரு நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். மேலிடத்துல உன்னப் பத்திதான் பேச்சு. ரெண்டு மாசமா மாலை ஷிஃப்டுக்கு ஒரு புகார்கூடப் போகலியாமே!" லோகநாயகி முகமெல்லாம் சிரிப்பாக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "தமிழுக்கு ஒரே ஆள் போதும்னு முடிவாயிடுச்சு. அந்த பெனிட்டோவுக்கு காலைலயே போன் பண்ணி, இனிமே வர வேணாம்னு சொல்லியாச்சு. அந்த சீட்டு இனிமே உனக்கு மட்டும்தான்!"