இணைப்பு கிடைத்தது

ஐந்தாவது முறையும் கணினி கையை விரித்தது. இணைக்க முடியவில்லையாம்.

பெகிமாய் நிரலை மறுபடியும் ஓடவிட்டாள். வேறு என்னதான் செய்வாள்? மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது.

ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்துப் பிணவறையில் தரை துடைக்கும் ஜிபார் காலையில் போன் செய்திருந்தாள். அவள் சொன்னதெல்லாம் மேசைமேல் ஒரு காகிதத்தில் இருந்தது. ஆண். முப்பது வயதுக்குள். சட்டைப்பையில் நம் நாட்டு ஓஷ் நகரப் பேருந்துச் சீட்டு. இடது மணிக்கட்டில் பழைய தீக்காயம். கீழ்வரிசையில் இரண்டு எஃகுப் பற்கள்.

"அக்கா, நம்ம நேரம் மூணு மணிக்குள்ள பேரும் ஊரும் சொல்லிடுங்க. இல்லன்னா நம்பர் போட்டுப் புதைச்சிருவாங்க. ஒரு துவா ஓதக்கூட ஆள் இருக்காது."

அந்தப் பெயர் எர்னிஸின் பட்டியலில் கட்டாயம் இருக்கும்.

ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்க் காணாமல் போனவர்கள், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். யார் மகன், எந்த ஊர், எங்கே தழும்பு, எந்தப் பல் கட்டியது என்று சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் தாய்மார்களைக் கேட்டுக் கேட்டு ஆறு வருடமாகச் சேர்த்திருந்தான் அவள் கணவன். எல்லாம் கிளவுடில் ஓர் இலவச டேட்டாபேஸில் இருந்தது. அவன் எழுதிய ஜாவா நிரல் இந்தக் கணினியில் தினமும் காலை ஆறு மணிக்குத் தானே விழித்து அதோடு பேசிவிட்டு வரும்.

வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ளேன் என்று அவள் ஒருமுறை சொன்னதற்குச் சிரித்தான். "வீட்ல வச்சா திருடன் வருவான். கிளவுடுக்கு எவன் ஏணி போட்டு ஏறப்போறான்?"

அப்படிச் சிரித்தவன்தான் இதே மேசையில் சாய்ந்து போய்ச் சேர்ந்தான். நேற்று நாற்பதாம் நாள் விருந்து. வீடெங்கும் இன்னும் ஆட்டுக்கொழுப்பு வாசம்.

ஆறாவது முறையும் அதே பதில்.

பாஸ்வேர்டைப் பார்த்தாள். சரி. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிச் செருகினாள். அதுவும் சரி. வங்கியில் பத்து வருடமாக அவளுக்குச் சோறு போடுவதும் ஜாவாதான். ஆனாலும் எங்கே பிழை என்று பிடிபடவில்லை.

"என்ன கெலின், அந்தப் பொட்டிக்கு இன்னும் துக்கம் தீரலையா?" மருமகளைக் கெலின் என்றே கூப்பிடும் மாமியார் மரிபா தேநீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

திரை நிறையக் கொட்டிக் கிடந்த சிவப்பு வரிகளைப் பெகிமாய் இந்த முறை அடிவரைக்கும் படித்தாள். கடைசி வரியில் இருந்தது விஷயம். கிளவுட் காட்டும் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லையாம்.

இன்னும் வரவில்லையா? திரையின் மூலையைப் பார்த்தாள்.

ஜனவரி 1, 2015.

அட, இவ்வளவுதானா! வயரைப் பிடுங்கி வைத்திருந்ததில் உள்ளே இருந்த சின்ன பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்னால் போயிருக்கிறது.

2015-இல் எர்னிஸ் இருந்தான். அவளுக்கு அப்போது அவனைத் தெரியாது. தேதியை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு மாற்றினாள்.

ஏழாவது முறை ஓடவிட்டாள்.

இணைப்பு கிடைத்தது.

"கிடைச்சிருச்சு அபா!" என்று மாமியாரைப் பார்த்துக் கத்தியேவிட்டாள். நாற்பது நாளில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை. மாமியார் இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி இறைவனுக்கு நன்றி சொன்னாள்.

தீக்காயம், இடது மணிக்கட்டு என்று தேடினாள். பூஜ்யம்.

எஃகுப் பல். பூஜ்யம்.

சரி, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டாள்.

பூஜ்யம்.

எர்னிஸின் மெயிலைத் திறந்தாள். அனுதாபக் கடிதங்களுக்கு நடுவே கிளவுட்காரர்களின் கடிதங்கள் மூன்று கிடந்தன. அவன் இறந்த பத்தாம் நாள் ஒன்று, இருபதாம் நாள் ஒன்று, இருபத்தொன்பதாம் நாள் ஒன்று. 'உங்கள் இலவச டேட்டாபேஸ் பயன்பாட்டில் இல்லை. முப்பது நாளைக்குள் ஒரே ஒருமுறை இணைந்தால் போதும். இல்லையெனில் தகவல்கள் அழிக்கப்படும்.'

ஒரே ஒருமுறை. ஒரு காலை ஆறு மணி.

"கிடைக்காம இருக்குமா பின்ன?" என்றாள் மரிபா பெருமையாக. "நாப்பது நாளும் ஒரு பயல அது பக்கத்துல விடலயே நான். டிவிய நிறுத்துனேன், கண்ணாடிய மூடுனேன், இந்தப் பொட்டியோட வயரையும் நானே புடுங்கிப்போட்டு வெள்ளத்துணி போத்துனேன். செத்தவன் மொகம் எதுலயும் தெரியக்கூடாது பாரு. எம் புள்ளைக்கு ஒரு மரியாதையிலயும் கொறை வைக்கல."

பெகிமாய் கடிதங்களை மூடினாள்.

இந்தக் கிழவியிடம் எதைச் சொல்வது? சொன்னால் இன்னொரு நாற்பது நாள் துக்கத்துக்கு உட்காரவேண்டி வரும்.

அதோடு, அன்றைக்கு அந்தத் துணி அகலமாக இருந்தது. மறுமுனையைப் பிடித்து இழுத்துவிட்டது பெகிமாய்தான். வயரைப் பிடுங்கியதையும் பார்த்தாள். ஏதோ சொல்லவேண்டும் என்று அப்போதே மனதில் தோன்றியது. ஊரே அழுதுகொண்டிருக்கிற வீட்டில், டேட்டாபேஸ் என்று வாயைத் திறந்தால் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டாள்.

மணி இரண்டே முக்கால். மேசைமேல் போன் அதிர்ந்தது. ஜிபார்.

பெகிமாய் எடுக்கவில்லை. நாற்காலியில் மடித்துக் கிடந்த வெள்ளைத்துணியை உதறி, திரையின்மேல் மெதுவாகப் போர்த்தினாள்.

மரிபா கிண்ணத்தை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"நாப்பதுதான் முடிஞ்சிருச்சே கெலின். இப்ப யாருக்கு மூடுற?"