அவரவர் கத்தி

“மரத்துல ஏறுறவன் இடுப்புல கத்தி இருக்கணுமா, வேண்டாமா? இன்னிக்கே முடிவு பண்ணிடலாம்” என்றார் முதலாளி.

வேலை முடிந்த நேரம். கொட்டகையில் பத்துப் பேர், எல்லோரும் மரம் ஏறிக் கிளை கழிப்பவர்கள். சிலர் கயிற்றுச் சுருள்களின் மேலும் சிலர் கவிழ்த்த வாளிகளின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவனாக அவன் கதவோரம் ஒரு வாளியின் மேல் இருந்தான்.

மூலையில் மேசை போட்டு, யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள் அவனுடைய தங்கை.

அவள் கணவன் மரத்திலிருந்து விழுந்து செத்து ஒரு வருடம் ஆகிறது. இடுப்பில் கத்தி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று ஒரு வருடமாகப் பேச்சு ஓயவில்லை. அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

“கயித்துல மாட்டிக்கிட்டா பல்லால கடிச்சா அறுக்க முடியும்?” என்றான் நெட்டை.

“உன் பல்லுக்கு இரும்பே அறுபடும்டா” என்றார் ஒருவர்.

சிரித்தார்கள். மூலையில் யார் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

முதலாளி கதவோரம் இருந்த அவன் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு மேல கூட இருந்தவன் நீ. நீ சொல்லு.”

“வேண்டாம்” என்றான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். காரணம் கேட்காமல் விடமாட்டார்கள் போலிருந்தது.

“இறுகின கயித்துல கத்தி பட்டாலே போதும். அழுத்தவே வேண்டாம். எந்தக் கயிறுன்னு பாக்குறதுக்குள்ள போயிடும்.”

சொன்ன பிறகுதான், தேவைக்கு மேல் சொல்லிவிட்டது அவனுக்கு உறைத்தது.

அன்று, வெட்டிய கிளையை இறக்கும் கயிறு தங்கை மாப்பிள்ளையின் நெஞ்சைச் சுற்றி வளைத்துவிட்டது. கிளையின் மொத்தப் பாரமும் அதில் தொங்கியது. மாப்பிள்ளைக்கு மூச்சு வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே வந்தது. உறுத்துகிறது என்று கத்தியைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு ஏறியிருந்தார்.

அடுத்த கொம்பிலிருந்த அவன் தாவிப் போய், தன் இடுப்புக் கத்தியை எடுத்து வெட்டினான்.

கிளை போயிற்று. கூடவே மாப்பிள்ளையும் போனார்.

அவரைத் தாங்கிக்கொண்டிருந்த கயிறும் அதே இடத்தில் ஒட்டிக் கிடந்திருக்கிறது. மரத்தின் பால் வடிந்து இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

பாரம் தாங்காமல் கயிறு அறுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்த யாருக்கும் கயிற்றின் நுனியைப் பார்க்கத் தோன்றவில்லை.

கீழே இறங்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை நடந்தது தங்கை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில். சத்தம் கேட்டு ஓடி வந்த தங்கையும் அதே வண்டியில் போனாள். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது, கடைசிவரை கண் திறக்கவில்லை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் தங்கையைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்தான். முதலாளியிடம் சொல்லி இந்த எழுத்து வேலையை வாங்கிக் கொடுத்தான். தினமும் வண்டியில் ஏற்றி வந்து ஏற்றிப் போனான்.

அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவனுக்கு உடம்பு கூசியது.

கண்ணை மூடினால் விரல்களில் அந்த அதிர்வு வந்தது. கயிறு விட்டுப்போகும்போது கத்தியின் பிடியில் தெரிந்த ஒரு சின்ன ‘டக்’. சட்டைப் பொத்தான் போடும்போதும் வந்தது. தட்டில் சோற்றைப் பிசையும்போதும் வந்தது.

அதன் பிறகு வேலைக்கு ரம்பம் பிடித்தானே தவிர, அவன் கத்தியைத் தொட்டதில்லை. வீட்டில் ஒரு பழத்தைக்கூடத் தங்கைதான் நறுக்கித் தந்தாள். அவனும் கேட்டதில்லை, அவளும் ஏன் என்றதில்லை.

“நான் ஒண்ணு சொல்லலாமா?”

தங்கை எழுந்து நின்றிருந்தாள். அந்தக் கொட்டகையில் இதுவரை வாய் திறந்து பேசாதவள்.

“ஆளுக்கொரு கத்தி இருக்கணும். அவங்கவங்க கயித்தை அவங்கவங்களே வெட்டிக்கணும். அந்தப் பாவத்தை இன்னொருத்தர் கைக்குத் தள்ளக் கூடாது.”

உட்கார்ந்து, தான் சொன்னதையும் நோட்டில் எழுதினாள்.

கத்தி வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் முதலாளி. ஒன்பது கைகள் எழுந்தன. அவன் தன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. வெளியே வண்டியருகில் நின்றான். கொட்டகையைப் பூட்டிவிட்டு அவள் வந்தாள்.

“உனக்கு எப்படி...” என்றான்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டியில போறப்ப அவருக்கு நினைவு இருந்துச்சுண்ணா.”

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“அவங்க அம்மா என்னைத் தன்கூடவே இருக்கச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினாங்க. போக்கிடம் இல்லாமலா உன் வீட்டுக்கு வந்தேன்?”

அவன் நிமிரவில்லை. அவள் கொட்டகைச் சாவியை முந்தானையில் முடிந்தாள்.

“மச்சானைத் தனியா விட்டுடாதேன்னாரு.”